2023-ல உங்க வரவு என்ன, செலவு என்ன? எங்க அப்பா நோட்டு நனஞ்ச கதையில இருந்து ஆரம்பிக்கேன்

ஆத்தங்கரையான்
30 டிசம்பர் 2023, இரவு 10:42

கொடியில துணியோட துணியா எங்க அப்பாவோட கணக்கு நோட்டும் கிளிப் மாட்டி தொங்குது. பன்னெண்டு நாளாச்சு, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி காஞ்சிருச்சு, நடுப்பக்கம் மட்டும் ஒட்டிக்கிட்டு பிரியவே மாட்டேங்கு. வருஷா வருஷம் டிசம்பர் கடைசில அப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு இடது பக்கம் வரவு வலது பக்கம் செலவுன்னு கூட்டி அடியில ரெண்டு கோடு போடுவாவ. இந்த வருஷம் நோட்டு கொடியில கெடக்கு, அதனால நான் உக்காந்து என் கணக்க எழுதுதேன், நீங்களும் எழுதுங்க.

நமக்கு ஊரு தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம். ஒம்பது வருஷம் சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. பிப்ரவரி முதல் வாரம் ஒரு பதினஞ்சு நிமிஷ கால், எச்ஆர் பொண்ணு எழுதி வச்சத அப்படியே படிச்சுது, கடைசில லேப்டாப்ப கொரியர்ல அனுப்பிருங்கன்னு சொல்லி கட் பண்ணிருச்சு. மூணு மாச சம்பளம் செட்டில்மெண்ட். வீட்டுக்கு பன்னெண்டு நாள் சொல்லல. ரூம்மேட்டுக்கும் சொல்லல, தினமும் ஐடி கார்ட மாட்டிக்கிட்டு கெளம்பிப் போய் பெசன்ட் நகர் பீச்ல உக்காந்துட்டு சாயங்காலம் திரும்பி வருவேன், அந்த வெயில்ல என்னைய மாதிரியே ஐடி கார்டோட இன்னும் ரெண்டு பேர் உக்காந்திருந்தானுவ, ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிடவே மாட்டோம்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம காலைல பைய தூக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். அப்பா ஏன்னு கேக்கல. "நாளைக்கு கன்னு வருது, எறக்க ஆள் இல்ல"ன்னு மட்டும் சொன்னாவ. ரெண்டு ஏக்கர், 1,900 வாழை. பாதி நாடு ரகம், பாதி கோழிக்கூடு ரகம். செட்டில்மெண்ட்ல பெரும்பகுதி அதுலதான் போச்சு. ஆனி ஆடில கால்வாய்ல தண்ணி இல்லாம டீசல் மோட்டார் வச்சு எறச்சோம், அந்த ரெண்டு மாசமும் அப்பா வானத்த பாத்து ஏசுன ஏச்சு இருக்கே, அதக் கேட்டுதான் டிசம்பர்ல மொத்தமா வந்துச்சோ என்னவோ. நடுவுல பதினோரு இன்டர்வியூ, எல்லாம் போன்லதான், வாழைக்குள்ள டவர் கெடைக்காதுன்னு மேட்டுல பம்புசெட் ரூமு மேல ஏறி நின்னு பேசுவேன். ரெண்டு எடத்துல கடைசி ரவுண்ட் வரைக்கும் போய் சத்தமே இல்ல. செப்டம்பர்ல அம்மைக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூவா விழுந்துச்சு, அந்த மெசேஜ அம்மை தெருவுல ஒரு ஆள் விடாம காட்டிட்டா, அந்த மாசம் வீட்டுக்குள்ள வந்த ஒரே சம்பளம் அதுதான்.

கார்த்திகைல தார் நல்லா தள்ளிருந்துச்சு. முட்டுக் கம்பு குடுத்து கட்டியாச்சு, தை முகூர்த்தத்துக்குன்னு வியாபாரி வந்து 20,000 அட்வான்ஸும் குடுத்துட்டுப் போனாரு. டிசம்பர் 17 ஞாயிறு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. பேஞ்சுச்சுன்னு பின்னாடி பேப்பர்ல படிச்சோம், எங்க மாவட்டத்துல ஒரு வருஷம் பூரா பெய்யறதே அவ்ளோ வராது. திங்கக்கெழம விடியும்போது முத்தத்துல தண்ணி, ஒரு மணி நேரத்துல இடுப்பு. மச்சுல அம்மை, அப்பா, நான், ஒரு ஆடு, பக்கத்து வீட்டு பாட்டி. தோப்பு பக்கம் பாத்தா வாழை தலை மட்டும் தெரியுது, அதுவும் மத்தியானத்துக்கு மேல தெரியல.

இதான் என் 2023. இத எந்தப் பக்கத்துல எழுதன்னு தெரியல.

கீழ்வீட்டுக்காரி
30 டிசம்பர் 2023, இரவு 11:20

படிச்சிட்டு என்ன சொல்றதுன்னே தெரியல ப்ரோ. வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல, அது போதும்னு சொல்ல வந்தேன், ஆனா எங்களுக்கு மிக்ஜாம் புயல்ல தண்ணி வந்தப்போ அதையே நாப்பது பேர் சொன்னாங்க, நாப்பத்தோராவது ஆள அடிச்சிருப்பேன், அதனால சொல்லல.

நாங்க வேளச்சேரி, கிரவுண்ட் ஃப்ளோர். ஏப்ரல்ல தான் லோன் போட்டு வாங்கினோம், ஹவுஸ்வார்மிங்குக்கு வந்த என் மாமியார் 2015ல இங்க தண்ணி நிக்கலயான்னு கேட்டாங்க, புரோக்கர் சிரிச்சாரு, நாங்களும் சிரிச்சோம். டிசம்பர் 4 காலைல பிரிட்ஜ் மெதக்குது. மேல ரெண்டாவது மாடில இருக்கற குடும்பத்துக்கும் எங்களுக்கும் பார்க்கிங் விஷயத்துல ஏழு மாசமா பேச்சு இல்ல. அவங்கதான் வந்து கதவ தட்டி மேல வாங்கன்னாங்க. மூணு நாள் கரண்ட் இல்ல, அவங்க வீட்டு அரிசி, எங்க வீட்டு சிலிண்டர், மாடில வச்சு ரசம் சாதம். அந்தம்மா என் பையனுக்கு கால் அமுக்கி தூங்க வச்சாங்க. சினிமால வர்ற மாதிரி இருக்குல்ல? தண்ணி வடிஞ்ச பத்தாவது நாள் அவங்க காரு மறுபடி என் வண்டி எடத்துல நிக்குது :)

செலவு: வாஷிங் மெஷின், பிரிட்ஜ், கட்டில், ஸ்கூட்டி இன்ஜின், என் கல்யாண ஆல்பம். வரவு: மார்ச்ல எனக்கு ப்ரமோஷன், அந்த ஹைக் மொத்தமும் இஎம்ஐக்கு போவுது.

தோஹா ஒட்டகம்
31 டிசம்பர் 2023, காலை 8:05

எனக்கு 2023 சூப்பரா போச்சுப்பா. நெல்லைல வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட் போட்டாச்சு, சம்பளம் ஏறுச்சு, ஆகஸ்ட் 23 சந்திரயான் எறங்கினப்போ சைட்ல நாங்க நாப்பது பேரு ஒரே போன சுத்தி நின்னு பாத்தோம், எங்க ஃபோர்மேன் பாகிஸ்தான்காரன், அவனே எல்லாருக்கும் சாயா வாங்கிக் குடுத்தான். எறக்கம்னு சொன்னா நவம்பர் 19 கிரிக்கெட் வேர்ல்ட் கப் ஃபைனல் தான். வரிசையா பத்து மேட்ச் ஜெயிச்சுட்டு கடைசில ஆஸ்திரேலியாக்காரன் ஹெட் கைல மாட்டிக்கிட்டோம். மத்தபடி பாசிட்டிவா இருங்க மக்களே, எல்லாம் மனசுலதான் இருக்கு.

கோயம்பேடு தள்ளுவண்டி
31 டிசம்பர் 2023, காலை 9:30

ஒட்டகம், வாழத்தோப்பு முழுகினவர்கிட்ட மனசுல இருக்குன்னு சொல்றியே, நல்லா இருப்பா நீ.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் நைட்ல இட்லி வண்டி போடறேன். ஜூலைல தக்காளி நூறுக்கு மேல போச்சு, ஒருநாள் நூத்தி நாப்பதுக்கு வாங்குனேன், தக்காளி சட்னிய நிறுத்திட்டு கொத்தமல்லி சட்னி வச்சேன், ஒரு கஸ்டமர் பத்து வருசமா வர்ற ஆளு, "சேப்பு சட்னி இல்லாத இட்லி எதுக்கு"ன்னு தட்ட அப்படியே வச்சிட்டு போய்ட்டாரு, இன்னி வரைக்கும் திரும்பி வரல. அதெல்லாம் கூட சமாளிச்சேன். மே மாசம் 2,000 ரூபா நோட்டு செல்லாதோன்னு பயந்து ஆளாளுக்கு நாலு இட்லிக்கு ரெண்டாயிரத்த நீட்டினானுங்க, அதையும் சமாளிச்சேன். முந்தாநேத்து செத்துப்போன கேப்டன் விஜயகாந்துக்கு தீவுத்திடல்ல லைன்ல நின்னு பாத்துட்டு வந்தேன், யூனிட்ல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு போட்ட மனுசன், எங்க தொழில்ல இருக்கறவனுக்கு அது என்னான்னு தெரியும். வந்து படுத்தா மறுநாள் கிளாம்பாக்கம் புது பஸ் ஸ்டாண்ட தொறந்துட்டாங்க. தெக்க போற பஸ் எல்லாம் இனிமே அங்க இருந்துதான். என் வண்டில சாப்பிடறதே மதுர, திருநெல்வேலி பஸ்ஸுக்கு நிக்கற ஆளுங்கதான். இந்த வருசம் என்னான்னு கேட்டா நாளைக்குதான் தெரியும், ராத்திரி எத்தன தட்டு போகுதுன்னு எண்ணிட்டு சொல்றேன்.

கட்ஆஃப்
31 டிசம்பர் 2023, மாலை 6:15

எனக்கு ஏற்றம் எறக்கம் ரெண்டும் ஒரே பேப்பர்ல வந்துச்சு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4, கவர்மெண்ட் வேலைக்கான பரீட்சை. 2022 ஜூலைல எழுதினது, ரிசல்ட் வந்தது 2023 மார்ச் 24. எட்டு மாசம். அந்த எட்டு மாசமும் வீட்ல மாப்பிள்ளை பாக்கறத நிறுத்தி வச்சிருந்தேன், ரிசல்ட் வரட்டும் ரிசல்ட் வரட்டும்னு. பாஸ். ஆறாவது தடவை எழுதி பாஸ். கவுன்சிலிங் முடிஞ்சு ஜூனியர் அசிஸ்டென்ட், வேற மாவட்டம், முதல் சம்பளத்துல அம்மாவுக்கு மூக்குத்தி. பேசி வச்சிருந்த வரன் மட்டும் அவ்ளோ தூரம் போஸ்டிங்னா வேண்டாம்னு போய்ட்டாங்க. அழுதேனான்னு கேட்டா, ஒரு ராத்திரி.

இப்ப வெள்ள டூட்டில தூத்துக்குடி மாவட்டத்துல தான் இருக்கேன், சேத கணக்கெடுப்பு. அதனாலதான் ஆத்தங்கரையான் அண்ணன் எழுதினது ரெண்டு தடவ படிச்சேன்.

ஆத்தங்கரையான்
31 டிசம்பர் 2023, இரவு 9:50

வாழ்த்து தங்கச்சி. தப்பா எடுத்துக்கிடாத, கணக்கெடுப்புன்னு சொன்னதும் வயிறு எரியுது, கேட்டே ஆகணும். எங்க ஊருக்கு வந்தவங்க ரோட்டு மேல ஜீப்ல இருந்து எறங்கல. கண்ணாடிய எறக்கி ரெண்டு போட்டோ, எங்க அப்பா சேத்துக்குள்ள நின்னு கூப்புடுதாவ, "பாத்தாச்சு பெரியவரே"ன்னு சொல்லிட்டு போய்ட்டாங்க. லிஸ்ட்ல பாதி சேதம் கூட இல்ல. வீட்டுக்கு 6,000 நிவாரணம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா தோப்பு?

கட்ஆஃப்
31 டிசம்பர் 2023, இரவு 10:31

அண்ணா, அவங்க செஞ்சது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா எங்க பக்கமும் கேளுங்க. முதல் மூணு நாள் நானே தொடை வரைக்கும் சேத்துல எறங்கினேன், செருப்பு போச்சு, கால்ல கண்ணாடி குத்தி தையல். எங்ககூட வந்தவங்கள்ல பாதி பேர் வேற மாவட்டம், எது சர்வே நம்பர் எது வரப்புன்னு காட்டக்கூட ஆள் இல்ல, கல்லெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு.

இன்னொன்னு, வாழைல ஒரு சிக்கல் இருக்கு. 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம்னாதான் நிவாரணம். நெல்லு படுத்துட்டா கண்ணுக்கு தெரியுது. சாயாத வாழை தண்ணி வடிஞ்ச அன்னிக்கு பச்சையா, தாரோட, கம்பீரமா நிக்குது. நான் முழு சேதம்னு எழுதினா மேல இருக்கறவங்க போட்டோவ பாத்து இது நல்லாத்தான இருக்குன்னு கேக்கறாங்க. வேர் அழுகி மஞ்சள் அடிச்சு விழறதுக்கு பத்து பதினஞ்சு நாள் ஆகுது. அதுக்குள்ள லிஸ்ட் முடிஞ்சிருது.

ஆத்தங்கரையான்
31 டிசம்பர் 2023, இரவு 10:58

அத பத்து நாள் கழிச்சு வந்து பாத்தா என்ன? இப்ப வரச்சொல்லு, நான் காட்டுதேன். ஒவ்வொண்ணா சாயுது. ராத்திரி படுத்திருந்தா சத்தம் கேக்குது தங்கச்சி, சொத்துன்னு ஒண்ணு, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. அப்பா ஒவ்வொரு சத்தத்துக்கும் பொரண்டு படுக்காவ.

சுளுக்கு
31 டிசம்பர் 2023, இரவு 11:15

இன்சூரன்ஸ் போட்டிருந்தா இந்த பிரச்சனையே இல்லயே. ஐடில இருந்த ஆளு, இது கூட தெரியாதா?

ஆத்தங்கரையான்
31 டிசம்பர் 2023, இரவு 11:40

தெரியும். நெல்லுக்கு காப்பீட்டுத் தொகைல நாம கட்டுறது ஒண்ணரை, ரெண்டு சதவீதம். வாழைக்கு அஞ்சு. அந்தக் காசுக்கு முட்டுக் கம்பு வாங்கலாம்னு முடிவு பண்ணது நான்தான், அப்பா இல்ல. அந்தக் கம்பெல்லாம் இப்ப எந்த ஊர்ல ஒதுங்கிக் கெடக்கோ. இத வீட்ல யாரும் சொல்லிக் காட்டல, நீங்கதான் முதல். பரவால்ல.

மட்டுறுத்துனர்
1 ஜனவரி 2024, காலை 7:00

நிவாரணம் மத்திய அரசா மாநில அரசான்னு ராத்திரி 12 மணிக்கு மேல வந்த பதினாலு பதிவ தூக்கியாச்சு. அதுக்கு வேற இழை இருக்கு. புத்தாண்டு வாழ்த்துகள்.

மொட்டைக்குத் துணை
1 ஜனவரி 2024, மாலை 4:20

நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆளுங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சதால எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

ஜனவரில அம்மாவுக்கு மார்புல கட்டி. 61 வயசு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால காசு பிரச்சனை அவ்வளவா வரல, ஆனா லைன், டோக்கன், ஸ்கேன் தேதி, அதுலயே பாதி ஆயுசு போயிடும். எங்க வருஷத்துக்கு மாசமே கெடையாது, 21 நாளைக்கு ஒரு கீமோ, அதான் காலண்டர். முதல் கீமோ, ரெண்டாவது கீமோ, முடி கொட்ட ஆரம்பிச்சது ரெண்டாவதுக்கு முன்னாடி. தலகாணில கொத்துக் கொத்தா. அம்மா அழல, "முருகா, உனக்கு மொட்ட போடறேன்னு வேண்டிக்கலாம்னு பாத்தா குடுக்கறதுக்கு முடியே இல்லாம பண்ணிட்டியே"ன்னு சாமி படத்த பாத்து சண்ட போட்டாங்க. அப்புறம் அவங்களே ஒரு ஒப்பந்தம் பேசிக்கிட்டாங்க, முடி திரும்ப வந்தா அந்த முடிய திருச்செந்தூர்ல வந்து குடுத்துடறேன்னு.

ஆறு கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன். நவம்பர் கடைசில விரல் அகலத்துக்கு முடி. வெள்ளையும் கருப்புமா, குழந்தைக்கு வர்ற மாதிரி சுருட்டையா. எனக்கு அதப் பாக்கப் பாக்க ஆசையா இருந்துச்சு, இப்பதான வந்துச்சு வச்சுக்கோயேம்மான்னு கெஞ்சினேன், கேக்கல. டிசம்பர் 17 காலைல, அந்த மழையில, மொட்ட போட்டாங்க. ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ்.

ஸ்ரீவைகுண்டத்துல வண்டி நின்னுச்சு. அதுக்கு மேல தண்டவாளத்துக்கு கீழ கல்லே இல்ல, கம்பி அந்தரத்துல தொங்குதுன்னு காலைலதான் தெரிஞ்சுது. எண்ணூறு பேர் கிட்ட. கொஞ்சப் பேர பக்கத்துல ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போனாங்க, நாங்க ஸ்டேஷன்லயே. பாத்ரூம் தண்ணி காலி, சுத்தி வெள்ளம். அம்மா தலைல என் துப்பட்டாவ கட்டி விட்டேன், இன்ஃபெக்ஷன் ஆயிடுமோன்னு எனக்கு உள்ளுக்குள்ள நடுக்கம், அவங்க என்னடான்னா பக்கத்து சீட்டு குழந்தைக்கு கதை சொல்லிட்டு இருக்காங்க.

புதுக்குடி ஊர்க்காரங்க வந்தாங்க. அவங்க ஊரும் தண்ணிலதான் இருக்கு. அந்தத் தண்ணிய தாண்டி அண்டால சாப்பாடு ஆக்கிக் கொண்டு வந்தாங்க. என் கைல விழுந்த சோறு சூடா இருந்துச்சு, அத எப்படி சூடா வச்சிருந்தாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்கு புரியல. அம்மாவுக்கு வெந்நீர் கெடைக்குமான்னு கேட்டேன், ஒரு அக்கா மறுபடி தண்ணிக்குள்ள எறங்கிப் போய் தூக்குவாளில கொண்டு வந்தாங்க. பேர் கேக்கல. மூணாவது நாள் வெள்ளூர் வரைக்கும் நடந்து, பஸ்ல மணியாச்சி, அங்க இருந்து ஸ்பெஷல் ட்ரெயின். அந்த தூக்குவாளி எப்படியோ எங்க பைக்குள்ள வந்துடுச்சு. எவர்சில்வர், மூடில ஒரு பேரு வெட்டியிருக்கு, பாதி அழிஞ்சிருக்கு. அத திருப்பிக் குடுக்கணும், அதுக்குதான் இவ்வளவும் எழுதினேன்.

கீழ்வீட்டுக்காரி
1 ஜனவரி 2024, மாலை 5:02

ஆபீஸ்ல உக்காந்து படிச்சேன், பக்கத்து சீட்டு என்னாச்சுன்னு கேக்குது. அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

மொட்டைக்குத் துணை
1 ஜனவரி 2024, மாலை 5:30

நல்லா இருக்காங்க. போன வாரம் செக்கப்ல டாக்டர் "மறுபடி ஏன் முடி இல்ல"ன்னு பதறிட்டாரு. விஷயத்த சொன்னதும் பேனாவ வச்சிட்டு சிரிச்சாரு. அடுத்த ஸ்கேன் மார்ச்ல.

ஆத்தங்கரையான்
1 ஜனவரி 2024, இரவு 8:44

புதுக்குடில எங்க சித்தி இருக்கா. மூடி போட்டோ அனுப்புங்கக்கா, நான் கேட்டுப் பாக்கேன். அந்தப் பக்கம் தூக்குவாளில பேரு வெட்டாத வீடே கெடையாது, சீர் பாத்திரமாத்தான் இருக்கும், கண்டுபுடிச்சிரலாம்.

தோஹா ஒட்டகம்
2 ஜனவரி 2024, நள்ளிரவு 1:10

தள்ளுவண்டி அண்ணே நீங்க சொன்னது சரிதான். பாசிட்டிவ்னு எழுதுனதுக்கு வெக்கமா இருக்கு. எனக்கும் ஒண்ணு இருக்கு, முதல்ல எழுதல. பொண்ணு பொறந்தப்போ நான் இங்க. 14 மாசம் வீடியோ கால்லயே பாத்தேன், அப்பா எங்கன்னு கேட்டா போனுக்கு முத்தம் குடுப்பா. அக்டோபர்ல லீவுல போனேன். ஏர்போர்ட்ல தூக்கினதும் வீல்னு அழுதா. வீட்டுக்கு வந்து அப்பா எங்கன்னு எங்கம்மா கேட்டாங்க, என் மடில இருந்து எறங்கி தவழ்ந்து போய் சார்ஜ்ல கெடந்த போன எடுத்து முத்தம் குடுத்தா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் இது.

கோயம்பேடு தள்ளுவண்டி
2 ஜனவரி 2024, காலை 10:12

கோச்சுக்காத ஒட்டகம். ஊருக்கு வந்தா வா, இட்லி என் கணக்கு. எங்க வருவன்னு கேக்காத, எனக்கே தெரியல. நேத்து ராத்திரி 41 தட்டு. போன மாசம் 110க்கு கொறயாது. ஒரு ஆள் வந்து தெக்க போற பஸ்ஸு எங்க நிக்குதுன்னு கேட்டாரு, கிளாம்பாக்கம்னு சொன்னேன், சாப்பிடாம போய்ட்டாரு, நானே வழி சொல்லி அனுப்பிட்டேன் பாத்தியா.

கட்ஆஃப்
5 ஜனவரி 2024, இரவு 9:05

ஆத்தங்கரையான் அண்ணா, உங்க ஊர் என் லிஸ்ட்ல இல்ல, என்னால நேரா ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா மனு குடுங்க. விழுந்த வாழைய வெட்டி அப்புறப்படுத்தறதுக்கு முன்னாடி தேதி தெரியற மாதிரி போட்டோ எடுங்க, அடங்கல் (எந்த நிலத்துல என்ன பயிர்னு விஏஓ எழுதற பதிவு) நகல் வைங்க, குறைதீர் நாள்ல நேர்ல குடுத்து ரசீது வாங்குங்க. ரசீது இல்லாம வராதீங்க. கெடைக்கும்னு நான் வாக்கு குடுக்கல.

ஆத்தங்கரையான்
14 ஜனவரி 2024, இரவு 10:20

மனு குடுத்தாச்சு, ரசீது இருக்கு தங்கச்சி. பதில் இல்ல இன்னும். வியாபாரி வந்தாரு. அட்வான்ஸ கேக்கத்தான் வந்திருப்பாருன்னு அப்பா உள்ள போய் சட்டைய மாட்டுதாவ, அவரு தோப்ப ஒரு சுத்து சுத்திட்டு வந்து காப்பி குடிச்சிட்டு அடுத்த போகத்துக்கு வச்சுக்கிடுங்கன்னு போய்ட்டாரு. அது வரவா கடனான்னு அப்பாவுக்கு ஒரே கொழப்பம். தூக்குவாளி வீட்டையும் சித்தி கண்டுபுடிச்சிட்டா, தனியா மெசேஜ் அனுப்பிருக்கேன் அக்கா பாருங்க.

இன்னிக்கு போகிக்கு பழசெல்லாம் எடுத்தப்போ நோட்டோட நடுப்பக்கம் ஒருவழியா பிரிஞ்சுது. மை பரவிருச்சு, ஆனா படிக்கலாம். நான் வேலை போய் ஊருக்கு வந்த அன்னிக்கு என்ன எழுதிருக்காவன்னு தேடுனேன். செலவு பக்கத்துல இருக்கு: "மாசி 7. தம்பி ஊருக்கு வந்தது. ஆட்டோ 150. கறி அரை கிலோ 400."

கீழ்வீட்டுக்காரி
14 ஜனவரி 2024, இரவு 10:31

செலவு பக்கத்துலயா 😂 அப்பா கரெக்டா தான் எழுதிருக்காரு.

கோயம்பேடு தள்ளுவண்டி
14 ஜனவரி 2024, இரவு 10:50

கறிக்கு காரம் போட்ட மசாலா செலவ விட்டுட்டாரு பாரு. அது சரி, மறுபடி வாழதானா?

ஆத்தங்கரையான்
14 ஜனவரி 2024, இரவு 11:15

வாழதான். வண்டல் ஒரு அடி நிக்குது, அத மொதல்ல வழிக்கணும், ஜேசிபி வாடக கேட்டா தலை சுத்துது. விழுந்ததுல பக்கக் கன்னு கொஞ்சம் பொழச்சிருக்கு, இருநூறு தேறும். மிச்சத்துக்கு வெளிய வாங்கணும், சுத்துவட்டாரத்துல எல்லார் தோப்பும் போனதால கன்னுக்கு கிராக்கி. ஒரு பெங்களூர் கம்பெனி இன்டர்வியூவும் வெள்ளிக்கெழம இருக்கு, அன்னிக்குதான் கன்னு லோடும் வருதுன்னு அப்பா சொல்லுதாவ. காலைல பத்து மணிக்கு இன்டர்வியூ. பம்புசெட் ரூமு இடிஞ்சு போச்சு, டவருக்கு எங்க ஏறதுன்னு பாக்கணும்.